மார்சியன் வேதத்தைத் தொகுத்தாரா, வெட்டினாரா?

பழைய ஏடு:
2ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவப் போதகரான மார்சியனைப் "புதிய ஏற்பாட்டின் தந்தை" என்று இங்கே ஒருவர் புகழ்ந்திருக்கிறார். லூக்கா நற்செய்தியிலிருந்து பெத்லகேம், முன்னணை, மேய்ப்பர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ரோமப் பேரரசன் திபேரியுவின் 15ஆம் ஆண்டில் இயேசு நேராகக் கப்பர்நகூமில் வந்து இறங்கினார் என்று தொடங்கியவர் அவர். உலகைப் படைத்த கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு என்றவர். இதற்குப் பெயர் தொகுப்பா?

கருங்கடலான்:
ஐயா, நீக்கினார் என்று சொல்வது யார்? அவரை மறுத்து எழுதிய தெர்த்துல்லியன், எப்பிபானியு போன்ற சபை எழுத்தாளர்கள், அதாவது எதிராளிகள். மார்சியனின் நூல் ஒன்றுகூட முழுதாக நம் கைக்கு வரவில்லை. அவருடைய நற்செய்தியே மூத்தது, நம் லூக்கா பிறகு விரிந்தது என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. ஒரு நற்செய்தி, அப்போஸ்தலர் பவுலின் 10 நிருபங்கள் (கடிதங்கள்), இவ்வளவுதான் வேதம் என்று நமக்குத் தெரிந்தவரை முதலில் வரையறுத்தவர் அவர்.

பழைய ஏடு:
லூக்கா விரிந்தது என்றே வைத்துக்கொள்வோம். பவுலுமா விரிந்தார்? கலாத்தியர் 3ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமைப் பற்றிய வசனங்கள் மார்சியனின் ஏட்டில் இல்லை என்று தெர்த்துல்லியன் காட்டுகிறார். பழைய ஏற்பாட்டுச் சட்டமான நியாயப்பிரமாணத்தின் கடவுளோடு பவுலை இணைக்கும் இடம் பார்த்து விழுந்த கத்தி அது.

திண்ணைவாசி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கப்பல் முதலாளியான அவர் ரோம் சபைக்கு 2,00,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) கொடுத்திருந்தார். கி.பி. 144இல் அவரை வெளியேற்றியபோது சபை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. காணிக்கையைத் திருப்பித் தந்த சபை! நான் இரு தரப்பையும் மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

கருங்கடலான்:
வெறும் கத்திக்காரராக இருந்தால் அவர் சபை அவரோடு முடிந்திருக்கும். துறவு ஏற்காதவர்களுக்கு ஞானஸ்நானமே கிடையாது. ஆனாலும் அது நூற்றாண்டுகள் நின்றது. தமஸ்குவுக்குத் தெற்கே லெபாபா என்ற ஊரில் அவர்களுடைய தொழுகைக்கூடக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. காலம் 318. தேதியிட்ட கிறிஸ்தவக் கட்டடக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

பழைய ஏடு:
நின்றது, எந்த நிலையில்? 5ஆம் நூற்றாண்டில் தியோதொரேத்து என்ற ஆயர் 90 வயது மார்சியனியர் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். படைத்தவனின் தண்ணீர் தமக்கு வேண்டாம் என்று காலையில் தம் எச்சிலால் முகம் கழுவிக்கொண்டாராம். அப்படியானால் உண்பதும் உடுப்பதும் எப்படி என்று கேட்டதற்கு, வேறு வழியில்லை என்றாராம்.

கருங்கடலான்:
அதையும் எழுதியவர் அவர்களை மதம் மாற்றிய ஆயர்தான், ஐயா. ஆனால் இந்தக் கதையை நான் நம்புகிறேன். உலகத்தின் மேல் அவ்வளவு கோபம் கொண்ட கிழவரைக் கற்பனை செய்ய ஆயர்களால் முடியாது.