மறு: சுரங்கநீர் ஓடைகளின் பாசி, பாக்டீரியா பற்றிய நம் கட்டுரைக்கு: ஓடைப் படுகையில் படியும் செம்மஞ்சள் படிவுக்கு என்ன தமிழ்ச் சொல்?

> "துருச்சேறு போதுமே, எல்லாருக்கும் உடனே புரியும்."

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். துரு என்றதும் அரித்துப்போன இரும்புக் கம்பிதான் நினைவுக்கு வரும். பென்சில்வேனியாவின் பழைய நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழியும் நீரின் கதை வேறு. பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்தில் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகின்றன. அந்த இரும்பு பிறகு ஆக்சிஜனேற்றம் அடைந்து ஓடையில் படிகிறது. அந்த ஊர்க்காரர்கள் இதை 'யெல்லோ பாய்' என்கிறார்கள். 'மஞ்சள் பையன்' என்று போட்டால் சிரிப்புதான் வரும்.

இங்கே இன்னோர் அம்மா முன்மொழிந்த 'இரும்பு ஹைட்ராக்சைடு' எனக்குத் தயக்கமாக இருக்கிறது. படிவது ஒரே கனிமம் இல்லை. நடுநிலை நீரில் பெரிஹைட்ரைட், பிஎச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 3-4 வாக்கில் ஷ்வெர்ட்மனைட், இன்னும் அமிலமானால் ஜாரோசைட். பின்னிரண்டிலும் சல்பேட்டும் உண்டு.

நான் முன்வைப்பது: காவிப்படிவு. காவிக்கல்லின் நிறமும் இரும்பு ஆக்சைடால் வருவதுதானே. (காவி என்றால் அரசியல் வாடை அடிக்கிறதாம்! கோலத்துக்குக் காவி இடும் வீடுகளில் அது எடுபடாது.)

கட்டுரையில் இந்தச் சொல் இல்லாமல் முடியாது. பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல், பகை இரண்டிலும் இந்தப் படிவு வந்துவிடுகிறது. பிஎச் 4-க்குக் கீழே வெறும் ஆக்சிஜனால் கரைந்த இரும்பு மிக மெதுவாகவே ஆக்சிஜனேற்றம் அடையும். அசிடிதயோபாசில்லஸ் பெரோஆக்சிடன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள்தான் அதை முடுக்குகின்றன. அதற்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பங்கைப் பகலில் பாசி தருகிறது. கைம்மாறாகப் பாசிக்குக் கிடைப்பதோ, மேலே வந்து மூடும் படிவு! வெளிச்சம் குறைகிறது, பாசிக்கு வேண்டிய பாஸ்பேட்டையும் படிவு தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. இழைப்பாசிகள் நகர வழியின்றிப் புதைந்துபோகும். யூக்ளினா மியூட்டபிலிஸ் என்ற ஒற்றைச் செல் பாசி ஊர்ந்து மேலே வந்துவிடும். செம்மஞ்சள் படுகையில் ஆங்காங்கே தெரியும் பச்சைத் திட்டுகள் பெரும்பாலும் அதுதான்.

இதையெல்லாம் 'இரும்பு(III) வீழ்படிவு' என்று வரிக்கு வரி எழுதிப் பாருங்கள், மூச்சு முட்டும். 'காவி படிந்த கல்', 'காவிப்படிவில் புதைந்த பாசி' என்றால் வாக்கியம் தானாக ஓடுகிறது.

'காவிச்சேறு' என்றும் யோசித்தேன். ஆனால் இது சில இடங்களில் இறுகி ஓடாகவும் ஆகிவிடுகிறது, அதனால் 'படிவு' என்பதே சரி. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.