டெக்சஸ்: வீட்டின் விலையைவிடக் கடன் அதிகம். வீட்டைக் கைவிட்டு ஊருக்குப் போனால் என்ன ஆகும்?

ரவுண்ட் ராக்கிலிருந்து:

வணக்கம். ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் 2022 தொடக்கத்தில் 5,40,000 டாலருக்கு வீடு வாங்கினோம். முன்பணம் 5 சதவீதம்தான். அந்த ஆண்டு கோடைக்குப் பிறகு விலை இறங்கத் தொடங்கியது. இன்று எங்கள் தெருவில் இதே அளவு வீடு 4,30,000க்குப் போகிறது. கடன் பாக்கி 4,83,000. விற்பதானால் தரகுக்கும் பத்திரச் செலவுக்கும் இன்னும் 25,000 வேண்டும். ஆக, வீட்டை விற்கவே கையிலிருந்து ஏறத்தாழ 78,000 டாலர் போட வேண்டும். அவ்வளவு பணம் என்னிடம் இல்லை.

இப்போது வேலையும் போய்விட்டது. எச்-1பி விசாவின் 60 நாள் அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு வேலை அமையாவிட்டால் குடும்பத்தோடு சேலத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். இதுவரை ஒரு தவணைகூடத் தவறவில்லை. செப்டம்பர் தவணையிலிருந்து நிறுத்தினால் வீடு எப்போது ஏலத்துக்கு வரும்? ஏலப் பணம் போகக் கடனில் குறையும் தொகைக்கு இந்தியா வரை துரத்துவார்களா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

அரிசோனா மாநிலம் பீனிக்ஸிலிருந்து:

கவலைப்படாதீர்கள். 2010இல் இங்கே என் உறவினர் சாவியைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். ஏலம் முடிந்த பிறகு ஒரு சல்லிக்காசுகூட யாரும் கேட்கவில்லை. கிரெடிட் அறிக்கையில் ஏழு ஆண்டு கறை இருந்தது, அவ்வளவுதான்.

ஹூஸ்டனிலிருந்து:

தம்பி, அந்த அனுபவம் உண்மையானதுதான். ஆனால் அது அரிசோனா சட்டம். இரண்டரை ஏக்கருக்கு மேற்படாத நிலத்தில் இருக்கும் ஒரு குடும்ப அல்லது இரு குடும்ப வீடு அங்கே டிரஸ்டி ஏலத்தில், அதாவது நீதிமன்றம் போகாமல் நடக்கும் ஏலத்தில் போனால், மீதிக் கடனுக்கு வழக்குப் போட முடியாது. டெக்சஸில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏலம் முடிந்து இரண்டு ஆண்டுக்குள் குறைத் தொகைக்கு வழக்குத் தொடுக்கலாம். ஒரு சிறு பிடிமானம் உண்டு: வீடு அடிமாட்டு விலைக்கு ஏலம் போயிருந்தால், அதன் நியாயமான சந்தை விலையைத் தீர்மானிக்கும்படி நீங்கள் நீதிமன்றத்தைக் கேட்கலாம். அந்த விலையைக் கழித்த பிறகுதான் பாக்கி.

கால வரிசையைப் பாருங்கள். செப்டம்பர் 1 தவணை நின்றால், 30 நாள் தாண்டியதும் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். கூட்டரசு விதிப்படி 120 நாளுக்கு மேல் பாக்கி நிற்கும் வரை ஏல நடவடிக்கையைத் தொடங்கக் கூடாது. அது டிசம்பர் கடைசி. குடியிருக்கும் வீடு என்பதால், பாக்கியைத் தீர்க்க குறைந்தது 20 நாள் அவகாசம் தரும் கடிதமும் வர வேண்டும். அது பெரும்பாலும் முன்பே வந்துவிடும். பிறகு 21 நாள் ஏல அறிவிப்பு. இங்கே ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே நடக்கும். ஆகவே வேகமாக நடந்தால் பிப்ரவரி முதல் செவ்வாயில் வீடு கைமாறிவிடும். நீதிமன்ற வழக்கே தேவையில்லை. ஏலத்துக்குப் பிறகு பணம் கட்டி மீட்கும் உரிமையும் இல்லை.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தவணை வசூலிக்கும் நிறுவனத்திடம் உதவி கேட்கும் முழுமையான விண்ணப்பம் ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தால், அதற்கு முடிவு சொல்லாமல் ஏலம் விடக் கூடாது. டெக்சஸில் ஏல அறிவிப்பு வருவதோ 21 நாளுக்கு முன்புதான். கடிதம் வரட்டும் பார்க்கலாம் என்று இருந்தால் அந்த உரிமை பறிபோய்விடும்.

அதனால் இந்த வாரமே தவணை வசூலிக்கும் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். வீட்டுக் கடன்களை வாங்கி வைத்துக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களில் ஒன்றின் கைவசம் உங்கள் கடன் உள்ளதா என்று அவற்றின் இணையதளங்களில் முகவரி கொடுத்தே பார்த்துவிடலாம். இருந்தால், வேலை இழந்தவர்களுக்குத் தவணையைத் தள்ளிவைக்கும் வழி உண்டு. வேலை கிடைக்காவிட்டால் ஷார்ட் சேல் கேளுங்கள். அதாவது, கடன் பாக்கியைவிடக் குறைவான 4,30,000க்கே வீட்டை விற்கக் கடன் கொடுத்தவர்கள் சம்மதிப்பது. மீதிக் கடனைக் கேட்க மாட்டோம் என்ற வாசகம் எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தள்ளுபடியாகும் தொகையை வரித்துறை வருமானமாகக் கணக்கிடலாம் என்பதால் வரிக் கணக்காளரையும் பாருங்கள்.

இந்தியா பற்றி: அமெரிக்கத் தீர்ப்பை நம் நீதிமன்றங்களில் நேரடியாக நிறைவேற்ற முடியாது. அந்தத் தீர்ப்பின் பேரில் அங்கே புது வழக்கே போட வேண்டும். அதற்கு மெனக்கெடுவார்களா என்பது வேறு, வழி அடைபட்டுவிடவில்லை. கடன் கட்டாதது இங்கே சிவில் விவகாரம், குற்றமல்ல. அந்தப் பயத்தை விடுங்கள்.

ரவுண்ட் ராக்கிலிருந்து:

ஐயா, மிக்க நன்றி. வாடகைக்கு விட்டால் 2,400 வரும். வரி, காப்பீடு சேர்த்துத் தவணை 3,700. மாதம் 1,300 டாலரைச் சேலத்திலிருந்து அனுப்ப என்னால் முடியாது. ஷார்ட் சேல் முடியும் முன்பே கிளம்ப நேர்ந்தால் வீட்டை அப்படியே பூட்டிவிட்டுப் போகலாமா?

ஹூஸ்டனிலிருந்து:

பத்திரம் கைமாறும் வரை வீடு உங்களுடையதுதான். குடியிருப்போர் சங்கக் கட்டணம், புல் வெட்டாததற்கு அபராதம் எல்லாம் உங்கள் பெயரில்தான் ஏறும். கையெழுத்துப் போட நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். காலி வீட்டுக்குப் பல காப்பீடுகளில் விதி வேறு, கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பூட்டிப் போவதானால் தெருவோரத் தண்ணீர் வால்வை மூடி, குழாய்களை வடித்துவிட்டுக் கிளம்புங்கள். 2021 பிப்ரவரிக் குளிரில் குழாய் வெடித்து உட்கூரை இடிந்த வீடுகளை இங்கே நிறையப் பார்த்தோம். அப்படி ஆனால் ஷார்ட் சேலுக்கு வந்தவரும் திரும்பிப் போய்விடுவார்.