ஹிரோஷிமாவில் அம்மாவுடன் ஒகோனோமியாக்கி: வழி சொல்லுங்கள்
அடுத்த மாதம் அம்மாவுடன் ஹிரோஷிமா போகிறேன். ஒகோனோமிமுரா கட்டடத்தில் இருப்பது போன்ற சின்னக் கடையில், சூடான இரும்புக்கல் முன்னால் உட்கார்ந்து, அந்த ஊரின் அடுக்குத் தோசை போன்ற ஒகோனோமியாக்கியை ஹெரா என்னும் தகட்டுக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட ஆசை. சிக்கல், அம்மா சைவம். முட்டை மட்டும் சாப்பிடுவார்.

தோசை மாதிரி மெல்லிசாக மாவு ஊற்றி, முட்டைக்கோஸ், பன்றி இறைச்சி, நூடுல்ஸ், முட்டை என்று அடுக்குகிறார்கள். ‘நிக்கு நுக்கி’ என்றால் இறைச்சியை விட்டுவிடுவார்கள், சரி. ஆனால் மாவின் மேல் தூவும் மீன் தூள்? சாஸில் கலந்திருக்கும் இறைச்சிச் சாறு? போதாததற்கு, பக்கத்து ஆளின் இறாலும் அதே கல்லில்தான் வேகும். (இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை!)

கல்லைத் துடைத்துவிட்டுத் தனியாகச் சுட்டுத் தரக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா? ஜப்பானிய மொழியில் எப்படிக் கேட்பது? சைவம் செய்து பழகிய கடை தெரிந்தால் சொல்லுங்களேன்.