தளையில் கால் சிக்கியும் தாவுவது (3): விடை தெரிந்தும் விளங்காத குறிப்புகள்

(குறுக்கெழுத்துப் புதிரில் பிறர் உதவியால் விளங்கிய குறிப்புகளைப் பற்றி வாசகர்கள் எழுதியவை. தலைப்புகள் அவரவர் புனைபெயர்கள்; அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை.)

மூன்றாம் கட்டம்

விடை எனக்கு முதல் நாளே கிடைத்துவிட்டது. நெடுக்காக வந்த இரண்டு சொற்களால் முதல் கட்டத்தில் ‘த’வும் மூன்றாவதில் ‘ளை’யும் விழுந்திருந்தன, தாவுவது என்றால் தவளையைத் தவிர வேறென்ன? எழுதிவிட்டேன். ஆனால் அது ஏன் தவளை என்பது பதினோரு நாட்கள் விளங்கவில்லை. கிரிப்டிக் குறிப்பில் ஒரு பாதி நேர்ப்பொருளாகவும் மறுபாதி எழுத்து விளையாட்டாகவும் இருந்தாக வேண்டும் என்பது தெரிந்தவனுக்கு, எழுத்துகளுக்குக் கணக்குக் காட்ட முடியாத விடை என்பது கல்லாவில் பணம் சரியாக இருந்தும் ஏட்டில் வரவு எழுதப்படாமல் கிடப்பதைப் போன்றது.

நாங்கள் நால்வர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறுதோறும் ஒரே புதிரைப் போடுகிறோம். ஒருவர், ‘கால்’ என்றால் சொல்லின் கடைசி எழுத்து என்பதுதானே வழக்கம், ஆகவே தளையின் கால் ‘ளை’ என்றார்; அப்படியானால் ‘தவ’ எங்கிருந்து வந்தது என்பதற்கு அவரிடம் பதிலில்லை. தமிழாசிரியரான இன்னொருவர், தளை என்பது வெண்பாவின் தளை என்று சொல்லி எங்களை மூன்று நாள் இலக்கணத்தில் அலையவிட்டார்.

கடைசியில் அவிழ்த்தவர் என் மாமனார். நெல் மண்டியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். குறுக்கெழுத்தை வாழ்நாளில் தொட்டதில்லை. காலையில் அவர் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் குறிப்பைப் படித்துக் காட்டினேன். “கால்னா ‘வ’ தானே மாப்பிள்ளை? எங்கப்பா ஏட்டுல கால் மரக்காலை அப்படித்தான் போடுவார்” என்று சொல்லிவிட்டு, மேசையில் சிந்தியிருந்த காபியில் விரலைத் தோய்த்து ‘வ’ என்று இழுத்தார். பழைய தமிழ்க் கணக்கில் கால் பங்குக்கான குறி ‘வ’. தளைக்குள் ‘வ’ சிக்கினால் தவளை. அவர் காபியைக் குடிக்கப் போய்விட்டார்; நான் அந்த ஈரக்கோடு காயும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோவைக்காரி

எனக்கு இவ்வளவு கடினமானதெல்லாம் இல்லை. ‘நகரம் சீர்குலைந்தால் பாவிகள் போகுமிடம் (4)’ என்பதுதான் நான் சந்தித்த முதல் குறிப்பு. காசி, கயா, ராமேஸ்வரம் என்று பாவம் தொலைக்கும் தலங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “அம்மா, ‘க’வையும் ‘ர’வையும் மாத்திப் போடு” என்றாள். அவளுக்குக் குறிப்பின் பொருளே தெரியவில்லை. எழுத்தை மட்டும் பார்த்தாள், நரகம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் அருகில் இல்லாமல் நான் பென்சிலை எடுப்பதில்லை.

விதிமுறை விரும்பி

தவளைக் குறிப்பு நியாயமானது, ஏனெனில் ஒவ்வொரு சொல்லும் தன் வேலையைச் செய்கிறது. என்னை உறுத்துவது வேறொன்று: ‘சிவா திரும்பி வரும்படி (2)’. இரண்டு நாள் வருமானம், ஊதியம், சம்பளம் என்று இரண்டெழுத்தில் தேடினேன். விடை ‘வாசி’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். சிவாவைத் திருப்பினால் வாசி. வாசி என்றால் படி. அதாவது ‘வரும்’ தனி, ‘படி’ தனி. இதைச் சேர்த்து எழுதியது மோசடி என்றே இன்றும் கருதுகிறேன். அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த ஆங்கிலேயர் 1949இல் வெளியிட்ட தம் நூலில், புதிர் அமைப்பவர் வெளியே ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றைக் கருதலாம், ஆனால் கருதியது சொன்ன சொற்களில் இருந்தே தீர வேண்டும் என்று வரையறுத்துவிட்டார். இந்தக் குறிப்பில் ‘படி’ என்ற சொல்லே இல்லை, ‘வரும்படி’ என்ற சொல்தான் இருக்கிறது. விடையைச் சொன்ன நண்பரிடமும் அன்று இதையேதான் வாதிட்டேன். அவர் உதவி செய்ய வந்தவர், பாவம்.

அகரமுதலி

விதிமுறை விரும்பி அவர்களுக்கு: ஆங்கிலத்தில் இரு சொற்களுக்கு இடையே இருக்கும் வெற்றிடம் சுவர் போன்றது. தமிழில் அது திரைச்சீலை. ‘வரும்படி செய்தான்’ என்று சேர்த்தும் எழுதுகிறோம், பிரித்தும் எழுதுகிறோம். ஒரு சொற்றொடரை ஒருவாறு பிரித்தால் ஒரு பொருளும் வேறுவாறு பிரித்தால் வேறு பொருளும் தருவதற்குப் பிரிமொழிச் சிலேடை என்றே தண்டியலங்காரம் பெயரிட்டிருக்கிறது. நம் அணியிலக்கணம் அனுமதித்ததை லண்டனிலிருந்து வந்த சட்டத்தைக் காட்டி மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘எட்டேகால் லட்சணமே’ என்ற தனிப்பாடலில் தமிழ் எண்ணில் ‘அ’ போல எழுதும் எட்டும் ‘வ’ என்று எழுதும் காலும் சேர்ந்து ‘அவ’ ஆகி, திட்டு வாங்கியவர் அவலட்சணம் ஆவதை நாம் பள்ளிக்கூடத்திலேயே கேட்டுச் சிரித்திருக்கிறோம். அதைக் கேட்டவர்கள் தவளைக்குப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வியப்பு.

இதே வாசிக் குறிப்பு என் வீட்டில் அவிழ்ந்த விதம் வேறு. நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, பூத்தொடுத்துக்கொண்டிருந்த என் அம்மா தலையை நிமிர்த்தாமலே, “சிவாவைத் திருப்பினா வாசிதான்டி, சித்தருங்க சொல்ற மூச்சு” என்றார். அவருக்கு வாசி என்றால் மூச்சு. எனக்குத் தேவைப்பட்டது படிப்பது. எழுத்து அவரிடமிருந்து வந்தது, பொருளை நான் தேடிக்கொண்டேன்.

மொட்டைமாடி

‘பசு விழுங்கிய ரிஷபம் வென்றவர் பெறுவது (3)’. பசுவுக்கு இரண்டு எழுத்து, இன்னும் ஓரெழுத்துதான் உள்ளே போக வேண்டும் என்பது வரை நானே வந்துவிட்டேன். காளை, எருது, விடை, ஏறு, நந்தி என்று அகராதியில் இருக்கும் மாட்டையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். ஓரெழுத்தில் மாடு அகப்பட்டது ‘ஆ’ ஒன்றுதான், அது காளையும் அல்ல, பசுவுக்குள் அடங்கவும் இல்லை. எங்கள் கீழ்வீட்டில் ஒரு மாமி பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். துணி காயப்போட மாடிக்கு வந்தவரிடம், வேடிக்கையாகத்தான், “மாமி, பசு ரிஷபத்தை விழுங்குமா?” என்று கேட்டேன். வாயில் ஒரு கிளிப்பைக் கவ்வியிருந்ததால் அவர் பேசவில்லை. ‘ச’வைத் தொட்டு மேலே ஏறி ‘ரி’யில் நின்று ஒரு முறை முனகிக் காட்டினார். எனக்கு உடனே விளங்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அவர் கிளிப்பை எடுத்துவிட்டு, “ரிஷபம்னா ‘ரி’டா, ரெண்டாவது ஸ்வரம்” என்றபோதுதான் ‘ப’வுக்கும் ‘சு’வுக்கும் நடுவே அது போய் உட்கார்ந்தது. இப்போது எந்தக் கச்சேரியில் ரிஷபத்தை நீட்டினாலும் எனக்கு வயிறு உப்பிய ஒரு பசுதான் கண்முன் வருகிறது.

தனிக்கை

எல்லோரும் மாமனார், அம்மா, மாமி என்று சொல்கிறீர்கள். பிறரைக் கேட்டுப் போட்டால் அது தீர்த்ததாகுமா என்பதுதான் என் ஐயம். 1942 ஜனவரியில் லண்டனில் டெய்லி டெலிகிராஃப் நாளிதழ் தன் புதிரைப் 12 நிமிடங்களுக்குள் முடிக்க முடியுமா என்று வாசகர்களைத் தன் அலுவலகத்துக்கே அழைத்துத் தேர்வு போல உட்கார வைத்தது. அதில் கலந்துகொண்ட சிலருக்குப் பின்னர் போர்க்காலச் சங்கேதங்களை உடைக்கும் பிளெட்ச்லி பார்க்கில் பணியாற்ற அழைப்பு வந்தது. அங்கே யாரும் பக்கத்து மேசையைப் பார்க்கவில்லை. என் அனுபவம் என்று சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: ஒரே ஒரு முறை மனைவியிடம் கேட்டேன், அவர் சொன்னது சரியாக இருந்தது, அந்தப் புதிரை நான் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பழைய வங்கிக்காரர்

தனிக்கை நண்பரே, தேர்வு எழுதியபோது தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். பிளெட்ச்லிக்குப் போன பிறகு குடிசை குடிசையாகக் கூட்டாகத்தான் வேலை பார்த்தார்கள். ஒரு குடிசையில் உடைத்த செய்தியை அடுத்த குடிசையில் மொழிபெயர்த்துப் பொருள் கண்டார்கள். உங்கள் எடுத்துக்காட்டு எங்கள் பக்கம்தான் சாய்கிறது.

என் கதை சிறியது. எழுபதுகளின் இறுதியில் சென்னையில் வங்கி வேலை. மதிய உணவு நேரத்தில் தி இந்து நாளிதழின் ஆங்கிலக் குறுக்கெழுத்தை ஐந்தாறு பேர் சூழ்ந்துகொள்வோம். ‘ஃபிளவர்’ என்று ஒரு குறிப்பில் வந்திருந்தது. நான் ரோஜாவையும் மல்லிகையையும் நிரப்பப் பார்த்தேன். தயிர்சாதக் கையோடு காசாளர் சொன்னார்: “பூ இல்லப்பா, ‘ஃப்ளோ’ பண்றது. ஆறு.” அந்த ஒரு நொடியில் ஆங்கிலமே எனக்குக் கொஞ்சம் இடம் மாறியது. பல ஆண்டுகள் கழித்து, கலிபோர்னியாவிலிருந்து வரும் தென்றல் இதழில் வாஞ்சிநாதன் அமைத்த தமிழ்ப் புதிர்களைக் கண்டபோதுதான், இந்த வித்தை நம் மொழியிலும் நடக்கும் என்று நம்பினேன்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் புதியவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, புள்ளி வைத்த மெய்யும் ஒரு முழுக் கட்டத்தை எடுத்துக்கொள்ளும். இதை மறந்து எண்ணுபவர்கள்தான் முதல் வாரத்திலேயே கைவிடுகிறார்கள். இந்த மெய்தான் நமக்குக் கிடைத்த பெரிய உதவியும்கூட. குறுக்கே போகும் சொல்லின் நடுவில் ‘த்’ விழுந்துவிட்டால் அடுத்த கட்டம் த, தா, தி என்ற வரிசையில் ஒன்றாகத்தான் இருக்கும், ஏனெனில் க், ச், த், ப் நான்கும் தமிழ்ச் சொல்லுக்குள் தம் இனத்தோடு மட்டுமே சேரும். பக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் வந்தால்தான் இது பொய்க்கும். ‘ங்’ கண்டால் பின்னால் ககர வரிசையை எதிர்பாருங்கள். சொல்லின் கடைசிக் கட்டத்தில் வல்லின மெய் வந்தால் உங்கள் குறுக்கு விடை எங்கோ தவறு. முதல் கட்டத்தில் ‘ள’வோ ‘ண’வோ வந்தாலும் அப்படியே, ‘ர’வும் ‘ல’வும் வந்தால் மட்டும் ரயில், லட்டு என்று ஒரு முறை யோசித்துவிட்டு அழியுங்கள். அடுத்து, உதவி கேட்கும் முறை. விடையைக் கேட்காதீர்கள், நேர்ப்பொருள் குறிப்பின் எந்த முனையில் இருக்கிறது, தொடக்கத்திலா முடிவிலா என்று மட்டும் கேளுங்கள், பாதிப் புதிர் உங்களுக்கே மிஞ்சும். குறிப்பைப் பிறரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டும்போது இயல்பான வாக்கியத்தின் ராகத்தில் படிக்காமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படியுங்கள். மொட்டைமாடி நண்பர் “பசு ரிஷபத்தை விழுங்குமா” என்று கேட்டதால்தான், மாமிக்கு அது மாட்டுக் கேள்வியாகத் தோன்றாமல் ரிஷபம் தனியாகக் காதில் விழுந்திருக்க வேண்டும். பென்சிலால் எழுதுங்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

விதிமுறை விரும்பி

தண்டியலங்காரம் கவிதைக்கு எழுதப்பட்டது, கட்டத்துக்கு அல்ல. ஆயினும் ‘திரைச்சீலை’ என்ற சொல்லை நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். ‘சிவா திரும்பி வரும் படி’ என்று இடம்விட்டு எழுதிப் பார்த்தேன். குறிப்பு அரை நிமிடத்தில் அவிழ்ந்துவிடுகிறது, சுவையே இல்லை. மோசடி என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

புதுமுகம்

நான் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். ‘கம்புக்குள் ஐந்தை வைத்தால் இனிப்பது (4)’ என்பதற்குக் கரும்பு என்று எழுதியிருக்கிறேன், மற்ற எழுத்துகளோடும் பொருந்துகிறது. கம்பு இருப்பது தெரிகிறது. ஐந்து எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. யாராவது சொல்ல முடியுமா?

மூன்றாம் கட்டம்

நீங்கள் கேட்டதை அப்படியே மாமனாரிடம் படித்துக் காட்டினேன். ஐந்தைப் பழைய தமிழ் எண்ணில் எழுதி, அது எந்த எழுத்தைப் போல இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறார். இன்று மேசையில் காபி சிந்தவில்லை. செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதித்தான் காட்டினார்.