ஐம்பதுக்கு மேல், அளவான செலவில் நேர்த்தியாக உடுத்துவது: செட்டிநாட்டிலிருந்து சில அனுபவப் பகிர்வுகள்

காரைக்குடி, சேலை வியாபாரம்

ஐம்பதைத் தாண்டியவர்கள் கடைக்கு வந்தால் முதலில் சொல்வது, "வயசுக்கு ஏத்த மாதிரி எடுத்துப் போடுங்க" என்பதுதான். உடனே சந்தனம், சாம்பல், வெளிர் நீலம் என்று மங்கலான நிறங்களாக வந்து விழும். தலை நரைத்த பிறகு முகத்துக்குப் பக்கத்தில் வெளிறிய நிறம் இருந்தால் முகம் இன்னும் வாடித்தான் தெரியும். அரக்கு, கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்று எங்கள் ஊர்ப் பருத்திக் கைத்தறிச் சேலையான கண்டாங்கிக்கே உரிய நிறங்கள் நரைமுடிக்கும் மாநிறத்துக்கும் எடுப்பாக இருக்கும். பயப்படாமல் எடுங்கள்.

காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசைத்தறித் துணியும், பாலியெஸ்டர் கலந்த துணியும் விற்பனைக்கு வருகின்றன. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கைத்தறியில் குறுக்கே போகும் ஊடை நூல் அங்கங்கே கொஞ்சம் நெருங்கியும் விலகியும் ஓடும். விசைத்தறியில் எல்லாம் ஒரே சீராக இருக்கும். கலப்பு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகி உதிரும். பாலியெஸ்டர் உருகி, கடினமான மணியாகத் திரண்டு நிற்கும்.

அடுத்தது அகலம். இதை யாரும் அளப்பதே இல்லை. அந்தக் காலத்தில் கண்டாங்கியைக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படிதான் கட்டினார்கள். இன்று 44 அங்குலத்திலிருந்து 48 வரை வெவ்வேறு அகலத்தில் கிடைக்கிறது. நீங்கள் வழக்கமாகப் போடும் செருப்போடு நின்று, பாவாடை நாடா கட்டும் இடத்திலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். அதோடு உள்ளே செருகுவதற்கு 4 அங்குலம் கூட்டுங்கள். 41 வந்தால் 45 அங்குல அகலம் போதும். 43 வந்தால் 47-க்குக் குறைந்து எடுக்காதீர்கள், கொசுவத்துக்குக் கீழே பாவாடை எட்டிப் பார்க்கும்.

உயரம் ஐந்தடிக்குக் குறைவு என்றால் ஆறேழு அங்குலக் கரை வேண்டாம். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை என்று உடம்பைக் குறுக்கே வெட்டிக் காட்டும். மூன்று அங்குலத்துக்குள் கரை, சிறிய கட்டம் அல்லது மெல்லிய கோடு எடுங்கள். இடுப்பில் செருகும் பக்கம் ஜரிகை இருந்தால் அங்கே துணி தடித்து நிற்கும், வியர்வையில் குத்தவும் செய்யும். அந்தப் பக்கம் வெறும் நூல் கரையாக இருக்கட்டும்.

கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைக் காலத் தள்ளுபடி வரும். மாதத் தவணையில் சேமித்து வாங்கும் திட்டமும் அங்கே இருக்கிறது. விதிமுறை அவ்வப்போது மாறும், அந்தந்த நேரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். என் கணக்கில், கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் சேலைக்குப் போகக்கூடாது. மீதிப் பாதி ரவிக்கைத் துணி, தையல் கூலி, நல்ல பாவாடை, ஃபால்ஸ் இவற்றுக்கு. ஐந்து சேலை வாங்கி எதற்கும் ரவிக்கை சரியாக உட்காராமல் இருப்பதைவிட, இரண்டு சேலையும் மூன்று நல்ல ரவிக்கையும் வைத்திருப்பவர் எங்கே போனாலும் தனித்துத் தெரிவார்.

பள்ளத்தூர், தையல்

மேலே காரைக்குடி அக்கா சொன்ன கடைசி வரியைத்தான் நானும் சொல்ல வந்தேன். உடுப்பின் அழகு முக்கால்வாசி ரவிக்கையில்தான் இருக்கிறது. அது கெட்டுப்போவதற்கு முதல் காரணம் அளவு ஜாக்கெட்.

பத்து வருஷத்துக்கு முன்னால் தைத்த ஜாக்கெட்டைக் கொடுத்து "இதே அளவில் தையுங்க" என்றால், பத்து வருஷத்துக்கு முந்தைய உடம்புக்குத்தான் தைத்து வரும். சுற்றளவு மாறாமல் இருக்கலாம், உடம்பின் அமைப்பு மாறியிருக்கும். தோளிலிருந்து மார்பு நுனி வரை முன்பு ஒன்பதரை அங்குலம் இருந்தவருக்கு இப்போது பத்தரை, பதினொன்று வரும். மார்பு வடிவத்துக்காகப் பிடிக்கும் டார்ட் மடிப்பு பழைய உயரத்திலேயே நின்றால் மேலே துணி காலியாகப் பொங்கும், கீழே பட்டி மேலேறும். அதனால் ஜாக்கெட்டைக் கொடுக்காதீர்கள், ஆளே போய் நின்று அளவு கொடுங்கள். தினமும் போடும் உள்ளாடையோடு நில்லுங்கள், அளவு அதற்குத்தான்.

இரண்டாவது முதுகு. வயது ஏற ஏற மேல்முதுகு லேசாக வளையும். அதைக் கவனிக்காமல் வெட்டினால் பின்கழுத்து இழுபடும், முன்கழுத்து தொண்டையை வந்து இடிக்கும். அடிக்கடி கையை வைத்து ஜாக்கெட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் இதுதான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பின்துண்டின் நடுவில் அரை அங்குலம் நீளம் கூட்டி வெட்டச் சொல்லுங்கள்.

கை பொருத்தும் வளைவான ஆர்ம்ஹோலைத் தாராளமாக, கீழே இறக்கி வைத்தால் வசதி என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. ஆர்ம்ஹோல் இறங்கினால் கையைத் தூக்கும்போதெல்லாம் ஜாக்கெட் முழுதும் சேர்ந்து மேலே ஏறும். அக்குளுக்குப் பக்கமாகவே வெட்டி, கைச்சுற்றில் மட்டும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக விடவேண்டும். கை நீளம், புஜத்தின் பருத்த இடத்தில் முடியவே கூடாது. பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். முழங்கைக்கு ஒன்றரை அங்குலம் மேலே, அல்லது முழங்கையைத் தாண்டி ஒரு அங்குலம் கீழே நிறுத்துங்கள்.

கொக்கிகளைச் சம இடைவெளியில் வைத்துக்கொண்டே போனால் மார்பின் பெருத்த இடத்தில் வாய் பிளக்கும். முதலில் அந்த இடத்தில் ஒரு கொக்கியைக் குறித்துவிட்டு, மற்றதை மேலும் கீழும் பிரித்து வைப்பதுதான் முறை. தோள்பட்டை வலி இருப்பவர்கள் பின்பக்கம் திறக்கும் ஜாக்கெட்டை மறந்துவிடுங்கள். தோள் நழுவும் உடம்புக்குப் பின்கழுத்து அகலமாக வேண்டாம். அகலம்தான் வேண்டும் என்றால் நாடா வைத்துக்கொள்ளுங்கள்.

துணிக் கணக்கு: 36 அங்குல அகல டூ பை டூ ரூபியா ரவிக்கைத் துணியில் மார்பளவு 36 வரை 80 சென்டிமீட்டர் போதும். 40-க்கு, முழங்கை வரை கை வேண்டுமென்றால் ஒரு மீட்டர். துணியையும் லைனிங்கையும் சேர்த்து ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தேய்த்த பிறகே தையலுக்குக் கொடுங்கள். லைனிங் சுருங்கி மேல்துணி சுருங்காவிட்டால் முதல் துவைப்பிலேயே ஜாக்கெட் சொறசொறவென்று சுருக்கம் விழுந்து நிற்கும், அப்புறம் அதைத் தேய்த்துச் சரிசெய்யவே முடியாது. இரண்டு பக்கமும் உள்ளே ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உடம்பு கூடினால் பிரித்துக்கொள்ளலாம், புது ஜாக்கெட் செலவு மிச்சம்.

நிறத்துக்கு மூன்று ரவிக்கை என் சிபாரிசு: அரக்கு ஒன்று, கடுகு மஞ்சள் ஒன்று, கறுப்போ பாட்டில் பச்சையோ ஒன்று. கண்டாங்கி, சுங்குடி, சின்னாளப்பட்டி என்று வீட்டில் இருக்கும் முக்கால்வாசிச் சேலைக்கு இந்த மூன்றில் ஒன்று பொருந்திவிடும். சேலையோடு வரும் பிளவுஸ் பிட்டை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். முதலில் சேலையின் மொத்த நீளத்தை அளங்கள். வெட்டிய பிறகு ஐந்தரை மீட்டர் மிஞ்சாது என்றால் வெட்டவே வேண்டாம். இடுப்பு 44-க்கு மேல் இருப்பவர்களுக்கு அந்த அரை மீட்டர்தான் கொசுவம்.

கோட்டையூர்

கண்டாங்கி கட்டினால் உடம்பு பெருத்துத் தெரிகிறது என்று நிறையப் பேர் ஒதுக்கிவிடுகிறார்கள். புதுச் சேலையின் விறைப்புதான் அதற்குக் காரணம். மூன்று நான்கு துவைப்பு போகட்டும், படிந்துவிடும். அதுவரை கொசுவம் ஏழெட்டு வைக்காதீர்கள், ஐந்து அங்குல அகலத்தில் ஐந்து போதும். மிச்சத் துணியை இடது இடுப்புப் பக்கம் தட்டையாக மடித்துச் செருகிவிடலாம். பாவாடை சுருக்கு வைத்ததாக இருந்தால் இடுப்பில் இன்னொரு சுற்று தடிமன் ஏறும், ஆறு பீஸ் வெட்டுப் பாவாடையாக இருக்கட்டும். ஃபால்ஸையும் நனைத்து உலர்த்திவிட்டுத் தைக்கவேண்டும். இல்லாவிட்டால் கீழ்க்கரை அலை அலையாகச் சுருண்டு, சேலை எவ்வளவு விலையானாலும் அழுது வடியும்.

தோளில் ஊக்கு குத்துவதில் ஒரு சின்ன விஷயம். ஊக்கின் வளைந்த சுருள் பக்கம் துணி மாட்டித்தான் கிழிகிறது. ஒரு சிறிய மணியை ஊக்கில் கோத்து அந்தச் சுருள்வரை தள்ளிவிட்டுப் பிறகு குத்துங்கள், துணி அங்கே போகாது. ஜாக்கெட்டின் தோள் தையல்மேல் குத்தினால் இழுவையும் தாங்கும்.

தேவகோட்டை, துவைப்பும் கஞ்சியும்

அக்காமார் எல்லாம் வாங்குவதைச் சொல்லிவிட்டீர்கள். பராமரிப்பை நான் சொல்கிறேன். இருக்கிற சேலையைப் புதிதாக வைத்திருப்பதைவிடப் பெரிய சிக்கனம் இல்லை.

வாங்கியதும் அரக்குக் கரையின் ஓரத்தை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஏறினால் அந்தச் சேலை தனியாகத்தான் நனையவேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம்பி மணிக்கணக்கில் மடிப்போடு போட்டுவைப்பதுதான் கேடு. அரக்குச் சாயம் கரைந்து, மடிப்புக்குள் தேங்கி, பக்கத்தில் இருக்கும் மஞ்சளில் ஏறிவிடும். நிறையப் பச்சைத் தண்ணீரில், விரித்து, ஐந்து நிமிஷத்துக்குள் அலசி எடுத்துவிடுங்கள். காயப்போடும்போது அடர்நிறக் கரை கீழே தொங்கட்டும். வடியும் சாயம் தரைக்குப் போகும், சேலைக்குள் இறங்காது.

கஞ்சிக்கு வடிகஞ்சி இருந்தால் செலவே இல்லை, சோற்றில் உப்புப் போட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். இல்லையென்றால் ஒரு சேலைக்கு இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசி, ஒரு லிட்டர் தண்ணீரில் கண்ணாடியாக வேகும்வரை காய்ச்சி, துணியில் வடிகட்டி, இன்னும் நான்கு லிட்டர் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். வடிகட்டாமல் விட்டால் கறுப்பிலும் அரக்கிலும் வெள்ளைத் திட்டு விழும். சேலையை ஈரமாகவே கஞ்சியில் முக்கவேண்டும். உலர்ந்த சேலையை முக்கினால் முதலில் தொட்ட இடம் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும்; ஒரு பக்கம் அட்டையாகவும் மறுபக்கம் தொளதொளவென்றும் இருக்கும். பிழிந்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, கரையை விரலால் நீவி இழுத்துவிட்டு, நிழலில் போடுங்கள். முழுதும் காய்வதற்கு முன், லேசான ஈரம் இருக்கும்போதே தேய்த்தால் கரை நேராக நிற்கும்.

கஞ்சியோடு மடித்துப் பெட்டியில் வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் தீனி, சேலையையும் சேர்த்து அரித்துவிடும். சில மாதம் கட்டப்போவதில்லை என்றால் கஞ்சி போக அலசிக் காயவைத்து மடித்து வையுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையில் படாமல் சின்னத் துணி முடிச்சில் இருக்கட்டும்.

பெட்டகத்தில் இருக்கும் பழைய பட்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். விசேஷத்துக்கு ஆச்சி, அப்பத்தா காலத்துப் பட்டை எடுத்துக் கட்டுவதைவிடச் சிக்கனமும் கௌரவமும் வேறு எதிலும் வராது. ஆனால் மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் பக்கம் பக்கமாக வைத்து மெதுவாக விரித்துப் பாருங்கள். இழை விலகினால் அதைக் கட்டாதீர்கள், உட்கார்ந்து எழும்போதே பிளந்துவிடும். அதன் முந்தானையும் கரையும் நன்றாக இருக்கும். கரையை வெட்டி, உள்ளே மெல்லிய பருத்தித் துணி கொடுத்துத் தைத்து, ரவிக்கைக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஜரிகையை விலைக்குப் போடும் எண்ணம் இருந்தால் முதலில் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அது வெள்ளி ஜரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம், உரைத்துப் பார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

பொன்னமராவதி, அலுவலகம் போகிறவர்களுக்கு

பஸ்ஸில் ஏறி இறங்க சேலை முடியாதவர்கள் குர்த்தி போடலாம், அதிலும் இதே கவனம்தான். நீளம் 42 முதல் 44 அங்குலம், பக்கத் திறப்பு இடுப்பின் அகலமான இடத்துக்குக் கீழே ஆரம்பிக்கவேண்டும். அதற்கு மேலே ஆரம்பித்தால் இடுப்பில் பிடித்து விரிந்து நிற்கும். பழைய சுங்குடிச் சேலையில் கிழியாத பகுதியிலேயே இரண்டு குர்த்திக்குத் துணி கிடைக்கும்.

நகைக்குக் கவரிங் போதும். வியர்வைதான் அதன் எதிரி. கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி சிப் கவரில் காற்றில்லாமல் வையுங்கள். சென்ட் அடித்து, அது காய்ந்த பிறகே நகை போடவேண்டும். கட்டக் கண்டாங்கிக்குச் சிவப்புக் கெம்புத் தோடும் ஒற்றைச் சங்கிலியும் போதுமானது. சேலையிலேயே அவ்வளவு கட்டம் இருக்கும்போது கழுத்தில் மூன்று வரிசை போட்டால் எதுவும் கண்ணில் நிற்காது. கைப்பைக்குப் பதில், விசேஷங்களுக்கு மூடி வைத்த சின்னக் கொட்டானை (பனையோலைக் கூடை) எடுத்துப் போகலாம். பனையோலை நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், மழை நாளில் மட்டும் வேண்டாம்.

பள்ளத்தூர், தையல்

தேவகோட்டைத் தங்கச்சி சொன்ன பழைய கரைக்கு ஒரு சேர்ப்பு. அதை ரவிக்கைக் கையில் வைக்கும்போது கையின் கீழ் ஓரத்தில் முடியும்படி வைக்காமல், ஓரத்திலிருந்து கால் அங்குலம் மேலே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வைத்த ஜரிகை முழங்கை உரசலில் சீக்கிரம் பிரிந்துவிடும். கைச்சுற்றை அளந்து அதற்கு மேல் ஒரு அங்குலம் நீளமாகக் கரையை வெட்டிக் கொடுங்கள், இரண்டு கைக்கும் ஒரே பக்கத்துக் கரையிலிருந்து. ஒன்று மேல்கரை, ஒன்று கீழ்க்கரை என்று வெட்டினால் ஒரு கை பளிச்சென்றும் மற்றது மங்கியும் இருக்கும். கீழ்க்கரை தரையில் இழுபட்டு எப்போதும் அதிகம் தேய்ந்திருக்கும்.