மூன்று வாரம் மூடிய கடை: கோடு விழும் இங்க் டேங்க், கறை விழும் லேசர், வரிசையில் சிக்கும் அச்சு

கேள்வி: குடமுருட்டி

வணக்கம். தஞ்சை மாவட்டத்தில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே நானும் என் மனைவியும் ஐந்து ஆண்டுகளாக ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை நடத்தி வருகிறோம். எங்களிடம் இரண்டு கணினிகளும் இரண்டு அச்சுப்பொறிகளும் உள்ளன. ஒன்று நான்கு நிற இங்க் டேங்க் வகை; அதை வைஃபை வழியாக இரு கணினிகளிலிருந்தும் பயன்படுத்துகிறோம். மற்றொன்று பழையதாக வாங்கிய கறுப்பு வெள்ளை லேசர். அது முதல் கணினியில் யூஎஸ்பி கம்பியால் இணைக்கப்பட்டுள்ளது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 பக்கங்கள் அச்சாகும். பட்டா, சிட்டா நகல்களும் தேர்வு நுழைவுச்சீட்டுகளும் ஆதார் நகல்களுமே அவற்றில் பெரும்பகுதி.

அப்பாவின் உடல்நிலை காரணமாகக் கடையை மூன்று வாரம் மூட நேர்ந்தது. திறந்த அன்றே இங்க் டேங்க் அச்சில் கறுப்பு எழுத்துகளுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழுந்தன. ஹெட் கிளீனிங் ஆறு முறை ஓட்டியும் சரியாகவில்லை. தொட்டியில் மை மட்டும் இறங்கியது. லேசரில் வேறு சிக்கல்: பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு சாம்பல் நிறக் கறை, சம இடைவெளியில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடங்களில் விழுகிறது. இதற்கிடையில், இரண்டாவது கணினியிலிருந்து அனுப்பும் கோப்புகள் சில நாள்களில் வரிசையிலேயே நின்றுவிடுகின்றன. நீக்கினால் ‘நீக்கப்படுகிறது’ என்று காட்டியபடி மணிக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன.

இரவு கடை அடைக்கும்போது பாதுகாப்புக்காக மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது எங்கள் வழக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமா, அல்லது இவற்றையே சரிசெய்யலாமா என்று அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: மைத்துளி

வணக்கம் ஐயா. அப்பா நலமடைய வேண்டுகிறேன். நீங்கள் கடைசியாகச் சொன்ன மெயின் சுவிட்ச்தான் இங்க் டேங்க் கோளாறுக்கு முதல் காரணமாக இருக்கக்கூடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இங்க்ஜெட் அச்சுப்பொறியின் ஹெட்டில் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வரிசையாக உள்ளன. அவற்றின் வழியே மையைத் தள்ளுவதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் ஒரு நுண்ணிய சூடேற்றி கணநேரத்தில் மையின் ஒரு பகுதியை ஆவியாக்கி, அந்தக் குமிழியின் அழுத்தத்தால் துளியை வெளியேற்றுகிறது. மற்றொன்றில் மின்னழுத்தம் பட்டதும் வளையும் பீசோ படிகம் துளியைப் பிதுக்குகிறது. முதல் வகையில் பல மாதிரிகளில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வருவதால், அடைத்துக்கொண்டால் கார்ட்ரிட்ஜை மாற்றினால் போதும். பீசோ வகையில் ஹெட் பொறியின் நிலையான உறுப்பு. அதை மாற்றும் செலவு சில வேளைகளில் புதுப் பொறியின் விலையையே நெருங்கிவிடும். ஆகவே அதைக் காய விடாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

காயாமல் இருப்பதற்காகத்தான் வேலை முடிந்ததும் ஹெட் வலது ஓரம் சென்று ஒரு ரப்பர் மூடியின் மேல் அமர்கிறது. பொறியிலுள்ள பொத்தானை அழுத்தி அணைத்தால் ஹெட் அந்த மூடியில் சரியாக அமர்ந்த பிறகே மின்சாரம் துண்டிக்கப்படும். சுவரிலுள்ள சுவிட்சை நேரடியாக அணைத்தால், அந்த நேரத்தில் ஹெட் எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிடலாம். ஓர் இரவு தாங்கும்; மூன்று வாரம் தாங்காது.

ஹெட் கிளீனிங் என்பது துளைகளைத் துடைப்பது மட்டுமன்று. அந்த மூடியின் அடியிலுள்ள சிறு பம்பு மையை உறிஞ்சி, கழிவுமைப் பஞ்சில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எத்தனை முறை உறிஞ்சப்பட்டது என்பதைப் பொறி எண்ணிக்கொண்டே வரும். வரம்பைத் தொட்டதும், பஞ்சை மாற்றும் வரை அச்சிட மறுத்துவிடும். எனவே தொடர்ந்து ஆறு முறை ஓட்டுவது பயனற்றது மட்டுமன்று, கெடுதலும்கூட. நாசில் செக் (எந்தத் துளைகள் அடைத்துள்ளன என்று காட்டும் சோதனை அச்சு), கிளீனிங் என மாற்றி மாற்றி மூன்று முறை செய்து பாருங்கள். சரியாகாவிட்டால் பொத்தானில் அணைத்துவிட்டு 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். ஊறிய மை காய்ந்த பகுதியை இளக்கும். பல மாதிரிகளின் கையேட்டிலும் இவ்வாறே சொல்லப்பட்டிருக்கும். அதற்குப் பிறகும் துளைகள் திறக்கவில்லை என்றால் மட்டும், மையை அதிகமாக இழுத்துச் சுத்தம் செய்யும் பவர் கிளீனிங்கை ஒரே ஒருமுறை ஓட்டலாம். அதற்கு முன் எல்லாத் தொட்டிகளிலும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மை இருக்கட்டும். இல்லையெனில் குழாய்க்குள் காற்று புகுந்து, சிறிய கோளாறு பெரிதாகிவிடும்.

பதில் 2: உருளை

மைத்துளி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். லேசரைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் 18 ஆண்டுகளாக எனக்கு அதுதான் தொழில்.

ஐயா, ஓர் அடிக்கோலை எடுத்து, ஒரு கறையின் உச்சியிலிருந்து அடுத்த கறையின் உச்சி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். பொறிக்குள் அச்சைத் தாளில் பதிக்கும் பாகங்கள் பெரும்பாலும் உருளைகள். எந்த உருளையின் மேல் பழுது உள்ளதோ, அது ஒரு சுற்று சுற்றும் தூரத்துக்கு ஒருமுறை கறை விழும். சிறிய லேசர்கள் பலவற்றில், டோனர் பொடியை ஏந்தித் தாளுக்கு மாற்றும் உருளையான டிரம்மின் விட்டம் 24 மி.மீ.; ஆகவே ஏறத்தாழ 75 மி.மீ. இடைவெளியில் கறை விழுந்தால் டிரம்மைச் சந்தேகிக்கலாம். இடைவெளி அதில் பாதியளவே இருந்தால், கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் மெல்லிய உருளைகளில் ஒன்றாக இருக்கும்.

டோனரைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃப்யூசரின் சுற்றளவும் சில மாதிரிகளில் டிரம்மின் சுற்றளவுக்கு அருகில் வரும் என்பதால், அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு பக்கத்தை அச்சிடக் கொடுத்து, தாள் பாதி உள்ளே சென்றதும் மூடியைத் திறந்து தாளை மெதுவாக வெளியே எடுங்கள். அந்தத் தாளில், டோனர் இன்னும் உருகி ஒட்டாத பகுதியிலேயே கறை தெரிந்தால் டிரம் பக்கம்தான் பழுது. அங்கே சுத்தமாக இருந்து, முழுப் பக்கம் வெளிவரும்போது மட்டும் கறை விழுந்தால் ஃப்யூசர். கையில் டோனர் பட்டால் குளிர்ந்த நீரிலேயே கழுவுங்கள். அது பிளாஸ்டிக் பொடி. 200 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் தாளில் உருகி ஒட்டுவதற்கென்றே செய்யப்பட்டது.

டிரம்மின் மேற்பூச்சு ஒளி பட்டால் மின்னேற்றத்தை இழக்கும் தன்மையுடையது. லேசர் அதன் மேல் எழுதுவதும் டோனர் அந்த இடங்களில் ஒட்டுவதும் அதனால்தான். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில், கந்தகம் பூசிய ஒரு துத்தநாகத் தகட்டில் செஸ்டர் கார்ல்சன் முதன்முதலில் செய்து காட்டிய அதே தத்துவம்தான் இன்று உங்கள் கடையிலும் ஓடுகிறது. நாம் நகலுக்கே ‘ஜெராக்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டது அதன் தொடர்ச்சி. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரீஃபில் செய்பவர் டிரம்மைக் கழற்றி வெளிச்சத்தில் நெடுநேரம் வைத்திருந்தாலோ, நகம் பட்டுக் கீறல் விழுந்தாலோ, அந்தத் தடம் ஒவ்வொரு பக்கத்திலும் வந்துகொண்டேயிருக்கும். இந்தக் கார்ட்ரிட்ஜை எத்தனை முறை ரீஃபில் செய்திருக்கிறீர்கள்? மூன்று முறைக்கு மேல் என்றால், பொடியோடு டிரம்மையும், அதில் மிஞ்சும் பொடியைத் துடைக்கும் வைப்பர் பிளேடையும் மாற்றச் சொல்லுங்கள்.

பெட்டியின் மேல் 1,500 பக்கம் என்று போட்டிருப்பதைக் கொண்டு கணக்கிட வேண்டாம். ஐஎஸ்ஓ 19752 என்னும் பன்னாட்டுத் தர முறையில் அந்த எண்ணிக்கையைப் பெறப் பயன்படும் மாதிரிப் பக்கத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடு இடத்தில்தான் மை இருக்கும். நிழல் படிந்த ஆதார் நகல் அதைப் போலப் பல மடங்கு பொடியைத் தின்னும். இன்னொன்று: லேசரைச் சிறிய யுபிஎஸ்ஸில் இணைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஃப்யூசர் சூடேறும் கணத்தில் இழுக்கும் மின்சாரத்தை 600 விஏ யுபிஎஸ் தாங்காது.

பதில் 3: வலைக்கண்

வரிசையில் நிற்கும் சிக்கலுக்கு வருகிறேன். நீங்கள் ‘அச்சிடு’ என்று கொடுத்தவுடன் கோப்பு நேராக அச்சுப்பொறிக்குப் போவதில்லை. டிரைவர் அதைப் பொறிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்ற, பிரிண்ட் ஸ்பூலர் என்னும் சேவை அதை வட்டில் எழுதி வைத்து, பொறி தயாரானதும் அனுப்புகிறது. அனுப்பும் நடுவில் தொடர்பு அறுந்தால் பாதி போன கோப்பு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பயன்பாட்டில் வைத்திருப்பதே ஸ்பூலர்தான் என்பதால் நீக்கவும் முடியாது.

சர்வீசஸ் சாளரத்தில் பிரிண்ட் ஸ்பூலரை முதலில் நிறுத்துங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே சென்று, அந்தக் கடைசிக் கோப்புறையின் உள்ளே இருப்பவற்றை மட்டும் நீக்குங்கள். கோப்புறையை நீக்க வேண்டாம். அதன்பின் சேவையை மீண்டும் தொடங்குங்கள். காத்திருந்த எல்லா அச்சுகளும் போய்விடும் என்பதால் மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆனால் இது அடைப்பை எடுப்பது மட்டுமே. அடைப்பு ஏன் வருகிறது? நாள்தோறும் மெயினை அணைப்பதால் ரவுட்டரும் அணைந்து எழுகிறது. எழும்போது அச்சுப்பொறிக்கு வேறொரு ஐபி முகவரியை (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணை) கொடுத்துவிடக்கூடும். இரண்டாவது கணினியோ பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். சில நாள்களில் மட்டும் நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதோடு பொருந்துகிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அச்சுப்பொறிக்கு ஒரு முகவரியை நிலையாக ஒதுக்குங்கள். பிறகு இரண்டாவது கணினியில் அச்சுப்பொறியை நீக்கிவிட்டு, அந்த முகவரியைக் கொண்டு டிசிபி/ஐபி போர்ட்டாக மீண்டும் சேருங்கள். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டை நான் நம்புவதில்லை. அத்துடன், இயல்பு அச்சுப்பொறியை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்ற தேர்வையும் அணைத்துவிடுங்கள். இல்லையெனில் கடைசியாகப் பயன்படுத்திய பொறியே இயல்பாகி, லேசருக்குப் போக வேண்டிய நகல் வண்ணப் பொறியில் வந்து விழும்.

மறுமொழி: குடமுருட்டி

மூவருக்கும் மிக்க நன்றி. கறைகளுக்கு இடையே 75 மி.மீ. இருக்கிறது. பாதியில் நிறுத்திய தாளிலும் கறை தெரிகிறது. அந்தக் கார்ட்ரிட்ஜை ஐந்து முறை ரீஃபில் செய்திருக்கிறோம். டிரம்மை ஒருமுறைகூட மாற்றியதில்லை. லேசர் யுபிஎஸ்ஸில்தான் இருந்தது, எடுத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். வாடிக்கையாளர்கள் பென் டிரைவில் கொண்டுவரும் பழைய தமிழ்க் கடிதங்கள் இரண்டாவது கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகவே அச்சாகின்றன. இதற்கும் டிரைவர்தான் காரணமா? பக்கத்து லாரி புக்கிங் அலுவலகத்தார் மூன்று படிகளாக ரசீது அடித்துத் தர முடியுமா என்று கேட்கிறார்கள். அதை எந்தப் பொறியில் செய்யலாம்?

பதில் 4: தட்டச்சு நிலையம்

வணக்கம் அண்ணா. கடிதங்கள் அப்படி அச்சாவதற்குக் காரணம் டிரைவர் அன்று, எழுத்துருதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துக் குறிகளே. மெய்யெழுத்தின் புள்ளிகூட ஓர் அரைப்புள்ளிக் குறியாகத்தான் உள்ளே இருக்கும். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு ஒன்றே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளிருப்பது உள்ளபடியே தெரியும். திரையிலும் அப்படியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், அந்த எழுத்துருவை இரண்டாவது கணினியிலும் நிறுவுங்கள், அல்லது எழுத்துரு உள்ள கணினியில் திறந்து, எழுத்துருவை உட்பொதித்து பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவாருங்கள். அடிக்கடி பயன்படும் கடிதங்களை, தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறிகள் உள்ள யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இராது.

மூன்று படி ரசீதுக்கு டாட் மேட்ரிக்ஸ் மட்டுமே உதவும். ஊசிகள் ரிப்பனைத் தட்டும் அழுத்தம்தான் கார்பன் வழியாக அடியிலுள்ள தாள்களுக்குப் போகிறது. லேசரிலும் இங்க்ஜெட்டிலும் அந்த அழுத்தம் கிடையாது. ரசீதில் தமிழும் வேண்டுமென்றால் 24 ஊசிப் பொறியைப் பாருங்கள். 9 ஊசியில் சுழிகள் தெளிவாக வருவதில்லை.

புதிதாக வாங்குவது பற்றி என் கருத்து: இப்போது எதையும் விற்க வேண்டாம். நாளொன்றுக்கு 150 பக்கக் கறுப்பு வெள்ளை வேலை லேசருக்கு உரியது. மழையில் நனைந்தாலும் நுழைவுச்சீட்டின் எழுத்து கரையாது என்பது மாணவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இங்க் டேங்கை வண்ண வேலைக்கு வைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு வண்ணப் பக்கங்களாவது தவறாமல் அச்சிடுங்கள்.

மறுமொழி: குடமுருட்டி

நான்கு நாள்கள் கழித்து எழுதுகிறேன். 12 மணி நேரம் விட்டுவிட்டு ஓட்டிய இரண்டாவது கிளீனிங்கில் கறுப்புத் துளைகள் அனைத்தும் திறந்துவிட்டன; பவர் கிளீனிங் தேவைப்படவில்லை. டிரம்மும் பிளேடும் மாற்றிய பிறகு கறை விழவில்லை. ரவுட்டரில் முகவரியை ஒதுக்கிய நாளிலிருந்து ஒரு கோப்புகூட வரிசையில் நிற்கவில்லை. லாரி அலுவலகத்தாரிடம் அவர்களே ஒரு 24 ஊசிப் பொறி வாங்கிக்கொள்ளும்படி சொல்லி, அதை நிறுவித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். பொறியின் பொத்தானை அணைத்து, விளக்கு நின்ற பிறகே மெயினைத் தொட வேண்டும் என்று என் மனைவி சுவிட்சுப் பலகையின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். அந்தத் தாளைக் கோடில்லாமல் இங்க் டேங்கிலேயே அச்சிட்டோம்.