மறு: பூஞ்சைக்கொல்லியா, பூஞ்சை எதிர்ப்பியா? தோலில் பூசும் மருந்துக்கு ஒரு பெயர்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

படர்தாமரைக்கும் தேமலுக்கும் பூசும் லோஷனை எப்படிப் பயன்படுத்துவது என்று நோயாளிகளிடம் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதுகிறோம். அந்த லோஷன் போன்ற, பூஞ்சைக்கு எதிரான (antifungal) மருந்தைத் தமிழில் என்னவென்று அழைப்பது என்பதுதான் இந்த மடல் இழை. இதுவரை வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். சொல் அழகாக இருக்க வேண்டும், சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இது மருந்துச்சீட்டோடு வீட்டுக்குப் போகிற சொல். அதைப் படித்தவர் மருந்தை எங்கே பூசுவார், எத்தனை நாள் பூசுவார் என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுப்பேன்.

> பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி வரிசையில் பூஞ்சைக்கொல்லி என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, எல்லோருக்கும் புரியும் என்பதுதான் சங்கடம். நெல் விதைக்கிறவர்களுக்குப் பூஞ்சைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி என்றால் கார்பென்டசிம் என்ற பயிர் மருந்து. கிலோ விதைக்கு 2 கிராம் கலந்து விதை நேர்த்தி செய்து பழகியவர்கள். அதே சொல்லைக் குழந்தையின் கழுத்தில் பூசும் மருந்தின்மேல் பார்த்தால் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும்.

இன்னொன்று, கொல்லி என்ற பெயர் இந்த மருந்துகளில் பாதிக்குப் பொருந்தாது. பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப்பொருள் இருக்கிறது. நம் செல்களில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்ட்ரால். க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல் என்ற மருந்துகள் எல்லாம் அந்த எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கின்றன. அதனால் பூஞ்சை பெரும்பாலும் வளராமல் நிற்குமே தவிர, உடனே செத்துவிடாது. டெர்பினஃபைன் என்ற மருந்து அதே உற்பத்தியில் இன்னும் முந்திய ஒரு படியில் கைவைக்கிறது. படர்தாமரைக் கிருமியை அது கொல்லவே செய்யும்.

வளராமல் நிற்கிற பூஞ்சை மேல்தோலோடு உதிர்ந்து போக வாரக்கணக்கில் ஆகும். ஆனால் நாலைந்து நாளில் அரிப்பு அடங்கிவிடுகிறது. கொல்லி என்று படித்தவர், செத்துவிட்டது என்று நினைத்துக் குப்பியை மூடி அலமாரியில் வைத்துவிடுவார். அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி வட்டம் போடும். வட்டம் மறைந்த பிறகும் ஓரிரு வாரம் விடாமல் பூச வேண்டும் என்று மருத்துவர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

> நுண்ணுயிர் எதிர்ப்பி போல பூஞ்சை எதிர்ப்பி.

இதுதான் பாடநூல்களுக்கு நெருக்கமானது. எனக்கும் முதலில் இதன்மேல்தான் சாய்வு. இடறுவது எங்கே என்றால், மருந்துக்கு மசியாத பூஞ்சையைப் பற்றி எழுத வரும்போது. 2020 இல் டிரைகோஃபைட்டான் இண்டோடினியே என்று ஒரு பூஞ்சைக்குத் தனிப் பெயர் வைத்தார்கள். இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் போனவர்களின் தோலிலிருந்து எடுத்து ஜப்பானில் ஆராய்ந்தார்கள். பெயரிலேயே இந்தியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெர்பினஃபைனுக்கு அது பல நேரம் அசைவதே இல்லை. இந்த நிலையைத் தமிழில் என்னவென்று எழுதுவது? பூஞ்சை எதிர்ப்பி எதிர்ப்பு? ‘பூஞ்சை எதிர்ப்பு’ என்று மட்டும் எழுதினாலோ, பூஞ்சையை நாம் எதிர்ப்பதா, பூஞ்சை மருந்தை எதிர்ப்பதா என்று இரண்டு பக்கமும் இழுக்கும். வேற்றுமை உருபு தொக்கி நிற்கும் மொழியில் இது சின்னத் தொல்லை இல்லை. இன்றைக்குத் தோல் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவதே இந்த மசியாத பூஞ்சையைப் பற்றித்தான். அதை எழுத முடியாத சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் பரிந்துரை: பூஞ்சைமுறி.

பாம்புக் கடிக்கு விஷமுறிவு ஊசி என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். நச்சுமுறி என்றும் எழுதுகிறோம். முறிப்பது என்றால் ஒன்றின் வீரியத்தை உடைப்பது. கொல்வதும் அதில் அடங்கும், வளரவிடாமல் நிறுத்துவதும் அடங்கும். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் கொல்வதைப் பூஞ்சைக்கொல்லி என்றும், நிறுத்துவதைப் பூஞ்சையடக்கி என்றும் சொல்லிக்கொள்ளலாம். இரண்டுக்கும் பொதுப்பெயர் பூஞ்சைமுறி. ‘பூஞ்சைமுறிக்கு எதிர்ப்பு’ என்று எழுதினால் எது எதை எதிர்க்கிறது என்பதில் குழப்பமே இல்லை.

யாழ்ப்பாணத்து நண்பர் இரண்டு தடைகள் சொல்லியிருந்தார். முறி என்றாலே அங்கே மத்திய வங்கியின் பிணைமுறிதான் நினைவுக்கு வரும் என்கிறார். உண்மைதான். ஆனால் முன்னால் பூஞ்சை நிற்கும்போது கடன்பத்திரம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அவர்கள் பாடநூலில் பூஞ்சைக்குப் பங்கசு என்றுதான் இருக்கிறது என்பது மற்றத் தடை. அதை நாம் மாற்றச் சொல்ல முடியாது, தேவையும் இல்லை. இலங்கைப் பதிப்பில் பங்கசுமுறி என்று போடலாம். முறி இரண்டிலும் பொது.

சரி, அடுத்தது லோஷன். தோலின்மேல் இடுகிற மருந்து எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக மேற்பூச்சு என்பதையே வைத்துக்கொள்வோம். சித்த மருத்துவத்தில் அகமருந்து 32, புறமருந்து 32 என்று வகுத்திருக்கிறார்கள். புறமருந்துகளில் பூச்சு, பற்று, களிம்பு, பசை எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. இவ்வளவு நுணுக்கமாகப் பெயரிட்ட மரபு கையில் இருக்கும்போது ஆயின்மென்ட்டைக் களிம்பு என்று சொல்லத் தயங்க வேண்டாம். க்ரீம், லோஷன் இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். குப்பியில் எழுதியிருப்பது, கடைக்காரர் சொல்வது, துண்டறிக்கையில் இருப்பது மூன்றும் ஒன்றாக இருந்தால் தவறு நடக்காது. முடி அடர்ந்த இடம், முதுகு மாதிரி அகன்ற இடம் இவற்றுக்கு லோஷன் வசதி. தொடையிடுக்கு போல ஈரம் தங்கும் மடிப்பில் பிசுபிசுப்பான களிம்பு ஆகாது.

> லோஷனுக்கு லத்தீன் வேர் கழுவுதல். கழுவுநீர்மம் என்று ஆக்கலாம்.

அக்கா, வேர் சரிதான். ஆனால் இந்தப் பெயரைப் பார்த்தவர் பூசிவிட்டுக் கழுவிவிடுவார். க்ளோட்ரிமசோல் லோஷன் தோலிலேயே தங்க வேண்டியது. அதே நேரத்தில் தேமலுக்குக் கொடுக்கும் செலினியம் சல்ஃபைடு 2.5% லோஷன் பத்து நிமிடம் கழித்துக் கழுவிவிட வேண்டியது. அதை இரவு முழுக்க விட்டுவைத்தால் தோல் எரியும். இரண்டு குப்பியிலும் லோஷன் என்றுதான் இருக்கும். இங்கேதான் நமக்கு நிஜமாகவே புதுச்சொல் தேவைப்படுகிறது. கழுவிவிடுவதைக் கழுவுபூச்சு என்றும், விட்டுவைப்பதைத் தங்குபூச்சு என்றும் சொல்லலாமா? அக்காவின் கழுவுதல் வீணாகவில்லை, சரியான குப்பிக்குப் போய்ச் சேருகிறது.

நோய்ப் பெயர்களில் கைவைக்க வேண்டாம். படர்தாமரை, தேமல், சேற்றுப்புண் மூன்றும் அருமையான சொற்கள். ஆங்கிலேயர் படர்தாமரையைப் புழு என்று நினைத்து ரிங்வார்ம் (வளையப்புழு) என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரிலும் வண்டுகடி என்பார்கள், சீமையகத்திச் செடிக்கு வண்டுகொல்லி என்ற பெயர் வந்ததும் அப்படித்தான். ஆனால் படர்தாமரை என்ற சொல்லில் புழுவும் இல்லை, வண்டும் இல்லை. வட்டமாகப் படர்வது மட்டும் இருக்கிறது. அந்த வட்டத்தைக் கிட்டே பார்த்தால் நடுவில் தோல் தெளிந்திருக்கும், ஓரம் சிவந்து மேடாகச் செதில் விட்டிருக்கும். பூஞ்சை மும்முரமாக இருப்பது அந்த ஓரத்தில்தான். நடுவில் மட்டும் தேய்த்துவிட்டு விளிம்பை விட்டுவிட்டால் பயனில்லை. தேமலைப் பற்றி ஒரு வரி தனியாகச் சேர்க்க வேண்டும்: பூஞ்சை போன பிறகும் நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், அதை மருந்து பலிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. மருந்துக் கடையில் ‘படர்தாமரைக்கு ஒரு க்ரீம் குடுங்க’ என்று கேட்டால் பல நேரம் கைக்கு வருவது பூஞ்சைமுறியோடு ஸ்டீராய்டும் பாக்டீரியா மருந்தும் கலந்த குழாய். ஸ்டீராய்டு அரிப்பை இரண்டே நாளில் அடக்கிவிடும், வட்டத்தின் ஓரமும் மங்கிவிடும். உள்ளே பூஞ்சை நிம்மதியாகப் பரவும். மருத்துவர் பார்க்கும்போது படர்தாமரை படர்தாமரை மாதிரியே இருக்காது. இதற்கு ‘உருமறைந்த படர்தாமரை’ என்று எழுதலாம். மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018 இல் விதியைத் திருத்தியது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. ஆகவே கலப்புக் குழாயைப் பூஞ்சைமுறி என்று நாம் அழைக்கவே கூடாது. அதற்குக் ‘ஸ்டீராய்டு கலந்த பூச்சு’ என்று நேராகவே பெயர் வைப்போம். ஸ்டீராய்டு என்ற சொல்லைத் தமிழாக்கினால் எச்சரிக்கை தேய்ந்துவிடும்.

துண்டறிக்கைக்கு நான் எழுதிப் பார்த்தது:

“இது பூஞ்சைமுறித் தங்குபூச்சு. குளித்து, ஈரம் போகத் துடைத்தபின் மெல்லியதாகப் பூசுங்கள். வட்டத்தின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை அகலம் வரை பூசுங்கள். அரிப்பு நின்றாலும் மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த பூச்சைச் சேர்க்காதீர்கள். துண்டு, உள்ளாடையை யாரோடும் பகிராதீர்கள், துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். இடுப்பில் படர்தாமரை இருந்தால் அரைஞாண் கயிற்றைக் கழற்றிவிடுங்கள், ஈரக் கயிற்றில் பூஞ்சை தங்கும். தலையிலோ நகத்திலோ வந்தால் பூச்சு மட்டும் போதாது, மருத்துவரைப் பாருங்கள்.”

அரைஞாண் வரியை எடுத்துவிடச் சொல்லி ஒருவர் தனிமடலில் எழுதினார், நம்பிக்கை சார்ந்தது என்பதால். நான் எடுக்க மாட்டேன். தோல் மருத்துவர்கள் வாயால் சொல்வதைத்தான் எழுதியிருக்கிறோம். குணமானபின் புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று வேண்டுமானால் சேர்ப்போம்.

விரற்கடை பற்றி மட்டும் உங்கள் கருத்து தேவை. மருத்துவர்கள் சொல்வது 2 சென்டிமீட்டர், ஒரு விரற்கடையும் ஏறக்குறைய அதுதான். பூசும்போது கையில் அளவுகோல் இருக்காது, விரல் இருக்கும். ஆனால் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியுமா? ‘ஒரு விரல் அகலம்’ என்று போட்டுவிடலாமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.

அன்புடன்.